நாலாயிரம் ஹெர்ட்ஸ்

பகலெல்லாம் என் வேலை
கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்து
அப்பால் இருக்கிற காதுக்குள்
ஊசி ஊசியாய்ச் சத்தம் அனுப்புவது.
கேட்டால் அழுத்துங்கள்,
கேட்காவிட்டால் சும்மா இருங்கள்.
இதைத் தமிழில், தெலுங்கில்,
ரயிலேறி வருகிறவர்களுக்காக வங்காளத்தில் சொல்வேன்.
வேறெதுவும் எனக்கு வங்காளத்தில் தெரியாது,
சாப்பிட்டீர்களா என்றுகூட.

ஐந்தரைக்கு வெளியே வந்தால்
ஆம்புலன்ஸ், லாட்ஜ் தரகர்கள்,
இளநீர்க்காரரின் அரிவாள்.
பையிலிருந்து எடுக்கிறேன்:
போன், அதன் முதுகில் ஒரு கறுப்புப் பெட்டி,
இரண்டையும் பிணைத்தபடி
பிரியாணி பார்சலில் வந்த ரப்பர் பேண்டு.
ஆம்பூர் வாசனை இன்னும் போகவில்லை.
விரல்கடை நீளத்துக்கு ஒரு வயர்.
போன் எண்ணிக் கொடுப்பதை
வாங்கி அலையாக்கி, ஊதிப் பெரிதாக்கி
என் தலைக்கு அனுப்புகிறது பெட்டி.
விலை எட்டாயிரத்து நானூறு.
அறைத்தோழி ஜெபசெல்விக்குச் சொன்ன விலை இரண்டாயிரம்.

"இன்னாமா, சுகர் மெஷினா?"
சில்லறை தந்தபடி கண்டக்டர்.
இந்த ஊரில் உடம்பிலிருந்து வயர் தொங்கினால் நோயாளி.
எக்ஸ்ரே கவரோடு உட்கார்ந்திருந்த ஒருவர்
எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.
வேண்டாமென்றால் விளக்கவேண்டி வரும்.
உட்கார்ந்துவிட்டேன்.

சிக்னல் வந்தால் பெட்டி டிக்டிக்டிக் என்கிறது,
யாரோ கூப்பிடப்போவது
மணியடிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.
ஃபிளைட் மோடில் போட்டேன்.
ஓட்டேரி வரை நான் வானத்தில்.

தபேலாவின் தோலில் விரல் ஒட்டிப் பிரிகிறது.
வரிக்கு முன்னால் பாடகியின் உதடு திறக்கிறது.
எந்த வருடத்திலோ ஒரு ஸ்டுடியோவில்
யாரோ நாற்காலியை நகர்த்திவிட்டு
நகர்த்தாத மாதிரி இருக்கிறார்.

போன மாதம் மெஷினைச் சரிபார்க்க
என்னையே உள்ளே உட்கார வைத்தார் தனசீலன் சார்.
வலது காது, ஒழுங்கான கோடு.
இடது காதில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் குழி,
பாலாற்றில் லாரி வைத்து அள்ளிய இடம்போல.
"பட்டாசா? மில்லா?" என்றார்.
பஸ், சார்.
குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு மூன்று வருடம்,
இடப்பக்கம் நாலாவது ஜன்னல்,
காதோரம் ஸ்பீக்கர்.
கே.வி.குப்பம் தாண்டினால் டிரைவர் சத்தத்தைக் கூட்டுவார்.
அந்த சீட்டுக்காக ஒருத்தியின் டிபன் பாக்ஸைத் தூக்கி
வேறு சீட்டில் வைத்தவள் நான்.

ஆக, எட்டாயிரத்து நானூறு கொடுத்து
நான் வாங்கியதில் எவ்வளவு எனக்கு வந்து சேராதென்று
டெசிபல் கணக்கில் எனக்கே தெரியும்.
எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவேன்.

இன்று பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில்
ஹெட்போன் கழன்று விழுந்தது.
எடுத்து மாட்டினேன். அந்த பஸ்ஸின் பாட்டு.
இரண்டாம் சரணத்தில்
யாரோ சலங்கையை மூன்று முறை உதறினார்கள்.

எண்ணூறு தடவை கேட்ட பாட்டு அது.
சலங்கை கிடையாது அதில்.

கழற்றிப் பார்த்தேன். இடதும் வலதும் மாறியிருந்தன.
சரியாக மாட்டினேன்: சலங்கை இல்லை.
மாற்றி மாட்டினேன்: இருக்கிறது,
ஆனால் வலப்பக்கம் எப்போதும் மினுங்குகிற அந்தச் சின்ன மணி
இப்போது எங்கே?
திரும்ப மாட்டினேன். மணி.
திரும்ப. சலங்கை.
தொரப்பாடி போய்விட்டது.

கம்பியைப் பிடித்து நின்றிருந்த எக்ஸ்ரே கவர்க்காரர்
பொறுக்கமாட்டாமல் குனிந்தார்:
"கேக்கலியாமா?"

"கேக்குதுங்க.
ஒவ்வொண்ணா."